அத்தைக்கு இருபத்தோரு வயதான ஞாயிற்றுக்கிழமை

குமுதவல்லி அத்தை அந்தப் படத்தை என்னிடம் நீட்டியபோது முதலில் என் கண்ணில் பட்டது பிணம். பலூனை அப்புறம்தான் பார்த்தேன்.

ஒரு கிழவரைப் பெஞ்சில் மாலையோடு கிடத்தியிருக்கிறார்கள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. சுற்றிலும் அழுது வீங்கிய முகங்கள். பின்வரிசையின் ஓரத்தில், கண்ணுக்கு மை தீட்டி, பின்னலில் மல்லிகைச் சரம் வைத்து, கிளிப்பச்சைப் பஞ்சாபி சூட் போட்ட ஒரு பெண். அவள் தலைக்கு நேர் மேலே, சுவரில் ஒரு மஞ்சள் பலூன்.

“அதான் நானு,” என்றார் அத்தை. “என் இருபத்தொன்னாவது பொறந்தநாள் போட்டோ. இது ஒன்னுதான் இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். அத்தையும் சிரித்தார். ஆனால் படத்தை உடனே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், நான் கசக்கிவிடுவேன் என்பது போல.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்த நேரம் அது. ஆஸ்திரேலியாவில் பழம் பறித்தேன், ஜார்ஜியாவில் விடுதி அறைகளுக்குப் படுக்கை விரித்தேன், துருக்கியில் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தேன். சிரம்பான் பக்கம் ராசாவில் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் காலில் எறும்பு ஊர ஆரம்பித்தது. எந்நேரமும் கையில் போன், போனில் விமானச் சீட்டு விலை. அம்மா சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் நான் தட்டோடு எழுந்து நின்றுகொண்டிருப்பேன். “அத்த வீட்டுக்காச்சும் போய்ட்டு வாயேன்டி, ஒன்னப் பாத்தா எனக்கே தல சுத்துது” என்று அவர்தான் என்னைக் கோலா பிலாவுக்குத் துரத்திவிட்டார்.

அத்தை அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மிச்சமிருக்கிற தமிழ்ப் பிள்ளைகளை விடியுமுன் பொறுக்கிக்கொண்டு வந்து தமிழ்ப்பள்ளியில் இறக்குவார். மத்தியானம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஹாரன் வைத்திருக்கிறார். இந்த வீட்டுக்கு நீளமாக ஒன்று, அந்த வீட்டுக்குக் குட்டையாக இரண்டு. ஒரு வீட்டுக்கு மட்டும் அடிக்கவே மாட்டார்; அங்கே கைக்குழந்தை தூங்கும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கென்று பிளாஸ்டிக் பைகள் கொத்தாகத் தொங்கும். குணாளன் மாமா ஜோகூர் பக்கம் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

பள்ளி இல்லாத நாட்களில் அது சாவு வீட்டு வேன். காரணம், அத்தையோடு இருக்கும் என் தாத்தா ராமகிருஷ்ணன்.

தாத்தா ஏர் மானிஸ் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்தில் யார் செத்தாலும் குளிப்பாட்டுவதிலிருந்து கொள்ளி வைப்பது வரைக்கும் முன்னால் நின்று செய்தவரும் அவர்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடியிருந்த லயங்களை இடித்தார்கள். ஆட்கள் சிரம்பான், கெமாஸ் என்று சிதறினார்கள். ஆனாலும் இன்றைக்கும் யாராவது போய்ச் சேர்ந்தால் முதல் போன் தாத்தாவுக்குத்தான் வரும். உடனே அவர் துண்டை எடுத்துத் தோளில் போடுவார், அத்தை வேன் சாவியை எடுப்பார். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போட்ட குடும்பப் பயணம், மகன் ஹேமநாதன் பரிசு வாங்கிய பள்ளி விழா, மாமாவோடு போக வேண்டிய கல்யாண நாள் சாப்பாடு, எல்லாவற்றையும் பாதியில் போட்டுவிட்டு அத்தை சாவு வீட்டுக்கு வண்டி ஓட்டியிருக்கிறார். “செத்தவங்க இன்னொரு தடவ சாவ மாட்டாங்கல்ல” என்பார்.

அந்தப் பழக்கம் முதலில் விழுங்கியது அவருடைய இருபத்தொன்றைத்தான்.

எங்கள் பக்கத்தில் இருபத்தொன்று என்றால் சின்ன விஷயம் இல்லை. கல்யாணத்துக்கு அடுத்தது அதுதான். மண்டபம், கேக், பெரிய தங்க நிற அட்டைச் சாவி. அப்பாவோ அம்மாவோ பிள்ளையின் கையில் அந்தச் சாவியைக் கொடுக்க வேண்டும். இனி நீ பெரிய ஆள், வீட்டுக்கு எந்த நேரமும் வரலாம் போகலாம் என்று அர்த்தம். கொடுக்கும்போது எடுக்கிற படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள்.

அத்தைக்கும் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. தோட்டத்துப் பொதுமண்டபமான டேவானில் கலர்த்தாள் தோரணம், பலூன், வாடகை நாற்காலிகள். கோலா பிலாவிலிருந்து கேக்கோடு ஸ்டூடியோக்காரச் சீனரும் வந்து இறங்கிவிட்டார். மாலையில் விழா. மூன்று வீடு தள்ளியிருந்த முனியாண்டி மத்தியானம் குளிக்கப் போன இடத்தில் விழுந்து செத்துப்போனார்.

அன்றைக்கு மழை. முனியாண்டி வீட்டு வாசலெல்லாம் தண்ணீர். டேவானில் வெளிச்சம் இருந்தது, நாற்காலி இருந்தது. “அங்க கொண்டாந்துடுங்க” என்று சொன்னது தாத்தாதான். தோரணத்தை அறுத்துப் போட்டார்கள். கைக்கு எட்டாத பலூன் மட்டும் தங்கிவிட்டது. அடையாளக் கார்டுக்குத் தவிர முனியாண்டி வாழ்நாளில் படமே எடுத்ததில்லை என்று அவர் மனைவி தாயம்மா அழுதார். ஸ்டூடியோக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். கேமராவில் புது பிலிம் இருந்தது. “எடுத்துடுங்க” என்றார் தாத்தா. பிலிம் முழுவதும் முனியாண்டிக்கே போயிற்று. துக்க நாளில் கத்தி வைக்கக்கூடாது என்று என் பாட்டி செல்லம்மா அந்தக் கேக்கைக் கையால் பிட்டு, செய்தித்தாளில் வைத்து, டேவானுக்குப் பின்னால் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கருமாதி முடியட்டும் என்றார்கள். அதற்குள் அத்தை சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். இருபத்திரண்டுக்கு யாரும் சாவி கொடுப்பதில்லை.

பின்னாளில் எங்கே பார்த்தாலும் தாயம்மா அத்தையின் கன்னத்தைக் கிள்ளுவாராம். “எம்புருசன் போறப்ப ஒன் பொறந்தநாளையும் சேத்துத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாருடி.” அந்த ஒரு படத்தையும் அவரிடம்தான் அத்தை கேட்டு வாங்கியிருக்கிறார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அத்தையின் மகன் ஹேமநாதனுக்கு இருபத்தொன்று. சிரம்பானில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். விழா முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டிய அட்டைச் சாவியை அத்தை வேனில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் போனபோது அது வாந்திப் பைகளுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ரோகினி, ஒலகமெல்லாம் யாரு யாருக்கோ படம் எடுத்தியாமே,” என்றார் அத்தை. “எனக்கு ஒன்னு எடுத்துக் குடு. அந்த டேவான்ல நிக்கணும். அப்பா கையால சாவி வாங்கணும். ஒன்னே ஒன்னு போதும்.”

“தாத்தா ஒத்துக்குவாரா?”

“அதான் தெரியல. ஆனா அவரு இல்லாம வேணாம். எனக்கு நானே சாவி குடுத்துக்கிட்டு இளிக்கவா?”

தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

“நாப்பத்தேழு வயசுல சாவியா? ஊரு சிரிக்கும்.”

“ஊரு எங்கப்பா இருக்கு? அங்க செம்பனதான் இருக்கு.”

“அன்னிக்கு நான் செஞ்சதுல என்ன தப்பு? பொணத்த வெச்சிக்கிட்டு கேக்கு வெட்டச் சொல்றியா?”

“தப்புன்னு யாரு சொன்னா?”

தாத்தா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அத்தை அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். நான் பின்னாலேயே போனேன்.

“தப்பு இல்லடி,” என்றார் என்னிடம், மெதுவாக. “நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘ஒனக்கு ஒன்னும் செய்யாம போச்சே புள்ள’ன்னு வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?”

அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. நான் அடுத்த செவ்வாய்க்கிழமை புறப்பட ஹனோய்க்குச் சீட்டு எடுத்துவிட்டேன். இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தை யாரிடமும் சொல்லாமல் அதே கிளிப்பச்சையில் ஒரு பஞ்சாபி சூட் தைத்து வைத்திருந்தார். கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை தாத்தா மறுபடியும் தலையை ஆட்டினார். “சரி, விடு,” என்றார் அத்தை. “நாளைக்கு கேக்க வீட்டுலயே தின்னுக்கலாம்.”

ஞாயிறு காலையில் நான் எழுந்து வந்தபோது தாத்தா வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்.

“எங்க தாத்தா?”

“படம் எடுக்கணும்னீங்களே. ஏறுங்க, ஏறுங்க. வெயிலுக்கு முந்தி போவணும்.”

அத்தை பல்துலக்கும் பிரஷோடு வாசலில் நின்றார். நம்பவில்லை. “நெசமாவா?”

“என்னா நெசமா பொய்யா? கெளம்பு புள்ள. ஒன் போன இப்படிக் குடு.”

“எதுக்கு?”

“விடிஞ்சதுலேருந்து டிங் டிங்னு கத்திக்கிட்டே இருக்கு. படம் எடுக்கற எடத்துல போன் எதுக்கு?” வாங்கி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பிள்ளைங்க அம்மா யாராச்சும் கூப்பிட்டா?”

“ஞாயித்துக்கெழம எவ கூப்பிடுவா? ஏறுலா!”

வழியெல்லாம் அவரால் உட்கார முடியவில்லை. கேக் கடையில் அத்தை இறங்கியபோது கதவைத் திறந்து மூடித் திறந்து மூடினார். என்னைவிட மோசமாக இருப்புக்கொள்ளாத ஒரு மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். “ஒனக்கு இது எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?” என்று அத்தை கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் குரலில் சின்னப் பெண் சத்தம்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் தார் ரோடு முடிந்தது. இரவு மழையில் செம்மண் குழம்பாகக் கிடந்தது. ஒரு வளைவில் பின்சக்கரம் புதைந்து சுற்றியது. நான் இறங்குவதற்குள் தாத்தா இறங்கி, வேனின் பின்னால் தோளைக் கொடுத்துவிட்டார். “அப்பா, சட்டை!” என்று அத்தை கத்தினார். வண்டி ஏறி வந்தபோது அவர் மார்பெல்லாம் செஞ்சேறு. துடைக்கக்கூட நிற்கவில்லை.

டேவான் இப்போது உரக் கிடங்கு. சாவி வைத்திருக்கும் காவல்கார நேப்பாளி ஜாகா குளித்துக்கொண்டிருந்தார். தாத்தா குளியலறைக் கதவுக்கு வெளியிலேயே நின்று மலாயில் அவசரப்படுத்த, அவர் சோப்பு நுரையோடு கையை மட்டும் நீட்டிச் சாவியைக் கொடுத்தார்.

உள்ளே உரமூட்டைகள் கூரை வரை. ஒரு பக்கச் சுவர் மட்டும் காலி. அத்தை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். உயரத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்று இருந்தது.

“அதுலதான் அந்த மஞ்ச பலூன்.”

மூட்டை மேல் ஏறி அதே ஆணியில் புதுப் பலூன் ஒன்றைக் கட்டினேன். துரு குத்தி உடனே வெடித்தது. “அலமாக்!” என்றார் அத்தை. இரண்டாவதும் வெடித்தது. “பலூன் கெடக்குது, வுடுங்க,” என்றார் தாத்தா. அத்தை வேனுக்குள் போய் உடை மாற்றிக்கொண்டு வந்தார். கிளிப்பச்சை உடை இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். கண்ணில் மை. பின்னலில் மல்லிகை. தாத்தா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

அதுவரைக்கும் பறந்துகொண்டிருந்த தாத்தா, நான் கேமராவைத் தூக்கியதும் அசையாமல் நின்றுவிட்டார். அடையாளக் கார்டுக்கு நிற்பதுபோல விறைப்பாக.

“தாத்தா, சாவிய அத்தைக்குக் குடுக்கற மாதிரி. அத்தையப் பாருங்க.”

அவர் பார்த்தார். அத்தை இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். நான் எடுத்தேன். வெளிச்சம் பிசகியது, மறுபடி எடுத்தேன். “போதும்டி,” என்றார் அத்தை, “அப்பா அவசரப்படறாரு.”

“இல்ல. எடு,” என்றார் தாத்தா. “கண்ண மூடிட்டேன்னு நெனைக்கறேன். இன்னொன்னு எடு.”

உரமூட்டை மேல் கேக்கை வைத்து அத்தை கத்தியால் வெட்டினார். முதல் துண்டைத் தாத்தாவின் வாயருகே கொண்டுபோனார். தாத்தாவின் வாய் திறக்கவில்லை. அத்தையின் விரல் நுனியில் க்ரீம் வழிந்தது. நான் கேமராவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாயைத் திறந்தார். மெதுவாக மென்றார். முழுங்கினார்.

“எல்லாப் படமும் வந்திருச்சா?” என்று என்னிடம் கேட்டார்.

“வந்திருச்சு தாத்தா.”

“நல்லாப் பாரு. அப்புறம் வரலன்னு சொல்லக்கூடாது.”

பார்த்தேன். சேறு படிந்த சட்டை, கிளிப்பச்சை, நடுவில் தங்கச் சாவி. எல்லாம் இருந்தது.

தாத்தா சட்டைப் பையிலிருந்து அத்தையின் போனை எடுத்து நீட்டினார். “அப்ப வண்டிய எடு, குமுதா. கெமாஸ் போவணும். தாயம்மா போயிட்டாங்க.”

அத்தைக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. “எப்ப?”

“விடியக்காலையில. சுகுமாறன்தான் கூப்பிட்டு அழுதான்.” சுகுமாறன் தாயம்மாவின் மகன், கெமாஸில் ரயில்வே வேலை. “நான் வந்துதான் எல்லாம் ஆரம்பிக்கணும்னான். பதினோரு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கேன்.”

“தெரிஞ்சிக்கிட்டேவா இங்க வந்தீங்க?”

“சொல்லியிருந்தா நீ இங்கயா வண்டிய ஓட்டியிருப்ப? நேரா அங்கதான் ஓட்டியிருப்ப.”

அது உண்மை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அத்தை போனைத் திறந்ததும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

“கேக்கு தின்னீங்களேப்பா,” என்றார் அத்தை.

“தின்னேன்.”

“சாவு சேதி கேட்டுட்டு.”

“ஆமாலா, தின்னேன்.” தாத்தா கேக் பெட்டியின் மூடியைத் தானே மூடினார். “அன்னிக்கு ஒங்கம்மா எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வெச்சா. ரெண்டு நாளு அடுப்படியில கெடந்திச்சி. நான் தொடல. எறும்பு தின்னுச்சி.”

அத்தை சாவியை மார்போடு பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். மை கரைந்துவிடும் என்று நினைத்தேன். “பேசிக்கிட்டே நிக்காதீங்கப்பா,” என்றார் திரும்பாமலேயே, “மணி என்னாவுது பாருங்க.”

கெமாஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது தாத்தா சொன்ன நேரம் தாண்டி வெகு நேரமாகிவிட்டது. அத்தை வழியில் முகத்தைக் கழுவி, மல்லிகையை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த உடை இருந்தது. நிறுத்தி மாற்ற நேரமில்லை. கிளிப்பச்சையிலேயே இறங்கினார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னா மாமா, எந்தச் சாவுக்கும் நீங்க லேட்டா வந்ததே இல்லையே,” என்றான் சுகுமாறன். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். அவன் கண் தாத்தாவின் சட்டைச் சேற்றில் நின்றது. “வண்டி பொதஞ்சிருச்சா?”

“ஆமாம்ப்பா, பொதஞ்சிருச்சி,” என்று சொல்லிவிட்டுத் தாத்தா துண்டை இடுப்பில் கட்டினார்.

தாயம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டுச் சுவரில் மாலை போட்ட முனியாண்டியின் படம், அந்த பிலிமிலிருந்து பெரிதாக்கியது. கண் மூடிய முகத்துக்கு மேலே, சட்டத்தின் ஓரத்தில், ஒரு மஞ்சள் விளிம்பு. வெட்டி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை போலும். அத்தை தாயம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு அந்தக் கன்னத்தை ஒருமுறை மெல்லக் கிள்ளினார்.

சுகுமாறன் என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தான். “தங்கச்சி, தப்பா நெனைக்காதம்மா. எல்லாரும் இருக்கோம். அம்மாவோட ஒரு படம் எடுத்துக் குடுக்கறியா? நல்ல கேமராவுல அம்மாவுக்குப் படமே இல்ல.”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார்.

“எடு ரோகினி,” என்றார். “நல்லா எடு.”

மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் தாயம்மாவைச் சுற்றி நின்றார்கள். “குமுதாக்கா, நீயும் வாக்கா. அம்மாவுக்கு நீன்னா உசிரு. பின்னால நில்லு,” என்று கூப்பிட்டான் சுகுமாறன்.

“இல்லடா தம்பி,” என்றார் அத்தை. “நான் காலையிலயே எடுத்துட்டேன்.”

சொல்லிவிட்டு என் பின்னால் வந்து நின்றார். பின்கட்டில் தாத்தா பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று இரைந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் எடுக்கும்வரை அத்தையின் கை என் தோளை விடவில்லை.